மின்னும் பற்றீரியாவும் தோட்டக் கிணறும்

கேள்வி: எங்கள் கிணறு வெங்காயத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. ஒளிரும் பற்றீரியாவால் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கலாமாமே?
– வாசகர், உரும்பிராய்

பதில்: கண்டுபிடிக்கலாம், ஆனால் எந்தப் பற்றீரியா என்று முதலில் கேளுங்கள். அலிவிப்ரியோ பிஷரி இயல்பாகவே ஒளிரும் கடல்வாசி. நஞ்சு பட்டால் மங்கும். மாதிரி நீரில் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் உப்பிட்டு, 15 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, சுத்தமான உப்பு நீரில் விட்ட பற்றீரியாவின் ஒளியோடு ஒப்பிடுவார்கள்.

சிக்கல் இங்கேதான். பூச்சிக்கு அடிக்கும் ஓகனோபொஸ்பேற்றுகள் தாக்குவது நரம்பு நொதியமான அசற்றைல்கோலினெஸ்தரேசை. பற்றீரியாவுக்கு நரம்பு ஏது? புழு சாகும் அளவு மருந்து இருந்தாலும் அது சும்மா ஒளிர்ந்துகொண்டிருக்கலாம். "மங்கவில்லை, குடிக்கலாம்" என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

இதற்காகத்தான் ஈ.கோலை என்ற குடல் பற்றீரியாவை மாற்றியமைக்கிறார்கள். ஒரு பரம்பரையலகு பரத்தியன் என்ற ஓகனோபொஸ்பேற்று மருந்தை உடைத்துப் பரா-நைத்திரோபீனோல் ஆக்கும், அந்தப் பீனோலை உணரும் புரதம் ஒளி உண்டாக்கும் லக்ஸ் பரம்பரையலகுகளை முடுக்கிவிடும், கலம் ஒளிரும். அது உணர்வது உடைந்தால் பரா-நைத்திரோபீனோல் தரும் மருந்துகளை மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் ஒரு மருந்துக்கு அனுமதிப்பது லீற்றருக்கு 0.1 மைக்கிரோகிராம். அவ்வளவு நுண்ணிய அளவுக்கு நீரை முதலில் செறிவாக்க வேண்டியிருக்கும்; எந்த மருந்து, எவ்வளவு என்று உறுதிசெய்ய, கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் நிறநிரலியலும் வேண்டும். கிணற்றுக்குள் மட்டும் இந்தப் பற்றீரியா எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: பிஷரியை வைத்துப் பார்த்தோம். மாரிக்குப் பின் எடுத்த நீரில் ஒளி பாதியாகக் குறைந்தது. மருந்துதானே?
– உயர்தர மாணவி, கோப்பாய்

பதில்: கிணற்றுக்குக் குளோரின் போட்டார்களா? அதுவே போதும், கலத்தைக் கொன்றுவிடும். குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலை மாதிரியில் சில துளி விட்டு மறுபடி பாருங்கள். செம்பாட்டு மண் கலங்கிய நீர் ஒளியையே விழுங்கும், வடித்தெடுங்கள். பித்தளைச் செம்பில் மொண்டிருந்தால் கரைந்த செப்பும் மங்க வைக்கும். 1 லீற்றர் கபிலநிறக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். பிளாஸ்ரிக்கில் சில மருந்துகள் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது வெக்கை. பிஷரியின் ஒளி தரும் நொதியமான லூசிபெரேசு 30 பாகைக்கு மேல் தளரும்; நம் மதிய வெயிலில் வகுப்பறை மேசையில் வைத்தால் சுத்தமான நீரிலும் மங்கும். ஒளிர ஒட்சிசனும் தேவை, அளக்குமுன் குழாயைக் குலுக்குங்கள். மாற்றியமைத்த கலம் கிடைத்தால், அதே கிணற்று நீரில் தெரிந்த அளவு பரா-நைத்திரோபீனோல் கலந்த ஒரு குழாயையும் வையுங்கள். அது ஒளிராவிட்டால் உங்கள் பற்றீரியாவுக்குத்தான் நோய்.