வயலை ஈடுவைக்க வேண்டாம்

போன கிழமை முரசுமோட்டையிலிருந்து ஒரு தாய் மகளுடன் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, மூன்று பாடத்திலும் எஸ் (சாதாரண சித்தி), பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. கனடாவிலுள்ள மாமா கொழும்பில் தனியார் பட்டப்படிப்பு ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறார். முதல் தவணையை அவர் அனுப்புவாராம். மிச்சத்துக்கு இரணைமடுக் குளத்தின் கீழுள்ள இரண்டு ஏக்கர் வயல் ஈட்டுக்குப் போகவேண்டும். மகளோ பராமரிப்பாளர் பயிற்சிக்குப் போகிறேன் என்கிறாள், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களையும் வீடுகளில் பார்க்க விரும்புகிறாள். “இதை ஊர் அறிந்தால் இவளை யார் கட்டுவார்கள்?” என்று தாய் அழுதார்.

அம்மா, ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்த வயலில் கைவைக்காதீர்கள். மற்றத் தவணைகளும் வட்டியும் உங்கள் தலையில்தான் விழும். விருப்பமில்லாமல் போன பிள்ளை இடையில் திரும்பி வரலாம், ஈடுபோன காணி வராது.

பிள்ளையிடம் அம்மம்மாவைப் பற்றிக் கேட்டேன். பாரிசவாதத்தில் விழுந்தவரைப் பதினான்கு மாதம் அவள்தான் பார்த்திருக்கிறாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, குதிக்கால் பாயில் படாமல் கீழே பழைய சேலையை மடித்துவைத்து, ஒரு படுக்கைப்புண்கூட வரவிடவில்லை. சொல்லும்போதே அவள் கைகள் அந்தச் சேலையை மடித்துக் காட்டின. இதற்கு மேல் எனக்கு என்ன பெறுபேறு வேண்டும்?

எச்.ஐ.வி. தொட்டால் தொற்றாது. ஒரே கோப்பையில் சாப்பிட்டாலோ நுளம்பு கடித்தாலோ தொற்றாது. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவாலும் தொற்றாது. தவறி ஊசி குத்தினாலும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டிய தடுப்பு மருந்து உண்டு. இன்றைய மருந்துகள் அங்கே கிட்டாத 1987இலேயே, கணவரை எயிட்சுக்குப் பறிகொடுத்த நொரீன் கலீபா யுகண்டாவில் வேறு சிலருடன் சேர்ந்து டாசோ என்னும் எயிட்சு உதவி அமைப்பைத் தொடங்கி, இந்த நோயாளரை அவர்களுடைய வீடுகளிலேயே பார்க்க வழிசெய்தார்.

இதில் கற்கவேண்டியது நிறைய இருக்கிறது. கையுறையைக் கழற்றும் முறை, சிந்திய இரத்தத்தைக் குளோரின் கரைசலால் துடைப்பது, வாய்ப்புண் வந்தவருக்கு உறைப்பில்லாத ஆறின கஞ்சி, வயிற்றோட்டத்துக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு பொதி ஜீவனி (உப்புச்சர்க்கரைத் தூள்). எச்.ஐ.வி. உள்ளவர் இருமினாலே, இரண்டு கிழமை காத்திராமல், காசநோய்ப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகவேண்டும். பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இலவசமாகத் தரும் மாத்திரையை நாள்தோறும் தவறாமல் எடுக்கப் பழக்கவேண்டும். விட்டுவிட்டு எடுத்தால் வைரசு மருந்துக்கு மசியாமல் போகலாம். எல்லாவற்றிலும் கடினமானது வாய் காப்பது. எந்தப் படலையில் யாருடைய சைக்கிள் நிற்கிறது என்று ஒழுங்கை முழுவதும் அறிந்திருக்கும் இடம் இது. ஆகவே முதியவர் வீட்டுக்கும் முள்ளந்தண்டு காயமடைந்தவர் வீட்டுக்கும் போய்வரும் கையே எச்.ஐ.வி. உள்ளவர் வீட்டுக்கும் போகவேண்டும், அப்போதுதான் ஊர் எதையும் ஊகிக்காது.

மகளே, உனக்கும் ஒன்று சொல்கிறேன். எச்.ஐ.வி. பராமரிப்பை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. முதலில் பொதுப் பராமரிப்பைப் படித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழை எடு. பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதே. படிக்குமுன்பே வெளிநாட்டு வேலை என்று பணம் கேட்பவனை வாசலோடு அனுப்பிவிடு.

மாமாவோடு நானே பேசுகிறேன், அம்மா. அவருக்கு உதவ மனமிருந்தால், பயிற்சிக் காலம் முழுவதற்கும் பிள்ளையின் பஸ் செலவையும் மதியச் சாப்பாட்டையும் பொறுப்பெடுக்கட்டும்.