ஜாமில் பூஞ்சை, பழைய சோறு, எண்ணெயில் பூண்டு: உணவு அறிவியல் கேள்வி பதில்

கேள்வி: உடம்புக்கு நல்லதென்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து ஸ்ட்ராபெர்ரி ஜாம் போட்டு, வெளியிலேயே வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் மேலே பூஞ்சை பூத்துவிட்டது. வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா?

வேண்டாம், பாட்டிலோடு கொட்டிவிடுங்கள். ஜாம் போன்ற மெத்தென்ற பொருளில் பூஞ்சையின் இழைகளும், சில வகைகள் சுரக்கும் நச்சும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கலாம்.

ஜாமில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, தண்ணீரைப் பிடித்துவைப்பதும் அதுதான். உணவில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, எதனோடும் பிணையாமல் எவ்வளவு கிடக்கிறது என்பதே கிருமிக்கு முக்கியம். இதற்கான அளவுதான் நீர்ச் செயல்பாடு. தூய தண்ணீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே வளராது. பூஞ்சைகளில் பல 0.80 வரை தாக்குப்பிடிக்கும். 0.60க்குக் கீழே எதுவும் வளராது. 65 சதவீதம் கரைபொருள் உள்ள முழுச் சர்க்கரை ஜாம் ஏறத்தாழ 0.80 முதல் 0.85 வரை நிற்கும். பாதிச் சர்க்கரை ஜாம் 0.90ஐத் தாண்டிவிடும்.

ஆக, முழுச் சர்க்கரை போட்டாலும் பூஞ்சைக்குக் கதவு முழுசாகச் சாத்தப்படுவதில்லை. அதனால்தான் கொதிக்கக் கொதிக்க பாட்டிலில் ஊற்ற வேண்டும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து உங்கள் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதைவிட 4 முதல் 5 டிகிரி கூடும்போது ஜாம் பதம் (கடல்மட்டத்தில் 104 - 105 டிகிரி செல்சியஸ்). தெர்மாமீட்டர் இல்லையென்றால், ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேல்தோல் சுருங்கி மடிந்தால் இறக்கிவிடலாம். கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலில் 85 டிகிரிக்குக் குறையாமல் ஊற்றி உடனே மூடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். ஆறட்டும் என்று திறந்து வைத்தால் காற்றிலுள்ள பூஞ்சை வித்துகள் மேலே படியும். வெதுவெதுப்பாக இருக்கையில் மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தத் துளிகள் விழும் இடத்தில் சர்க்கரை நீர்த்துப்போகும். பூஞ்சை முதலில் பூப்பது அந்தப் புள்ளியில்தான்.

சர்க்கரையைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால் தாராளமாகக் குறையுங்கள். ஆனால் அதை ஃபிரிட்ஜ் பண்டமாக நினைத்து, சின்னச் சின்ன பாட்டில்களில் போட்டு 3 வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஜாமைக் கெட்டியாக்குவது பழத்திலுள்ள பெக்டின் என்ற பொருள். சாதாரண பெக்டின் இறுகச் சர்க்கரையும் புளிப்பும் வேண்டும். சர்க்கரை குறைந்தால், கால்சியத்தோடு சேர்ந்து இறுகும் குறைந்த மெத்தாக்சில் பெக்டினை வாங்குங்கள்.

கேள்வி: ரொட்டியைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தும் மறுநாளே விறைத்துப்போகிறதே?

அது காய்ந்துபோகவில்லை. வேகும்போது குலைந்த மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி அடுக்கடுக்காகச் சேர்ந்து கெட்டியாகின்றன. இது மிக வேகமாக நடப்பது ஃபிரிட்ஜின் குளிரில்தான். இரண்டு நாளில் தீருமென்றால் வெளியில் வையுங்கள், மிச்சத்தைத் துண்டுபோட்டு ஃப்ரீசரில் வையுங்கள். 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மறுபடி மெத்தென்று ஆகும்.

கேள்வி: இரவு வடித்த சோறு விடியும்வரை வெளியில் இருந்தது. நன்றாகக் கொதிக்கச் சூடாக்கிவிட்டால் போதும்தானே?

போதாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சோறு வேகும் சூட்டில் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகும்போது முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நச்சு அப்படியே இருக்கும்.

ஆகவே கவனம் வேண்டியது ஆறவைப்பதில். 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும். ஆழமான பாத்திரத்தில் மேலே தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் விரலை விட்டால் சுடும். தட்டில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். முழுக்க ஆறிய பிறகே வைக்க வேண்டும் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். எண்ணெய்தான் காற்றைத் தடுக்கிறதே, கெடாதல்லவா?

காற்று இல்லாததே இங்கு ஆபத்து. மண்ணிலிருந்து பூண்டோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகளுக்கு ஆக்சிஜன் இல்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடம்தான் தோது. அது சுரப்பது நரம்புகளை முடக்கும் நச்சு, உயிரையே பறிக்கக்கூடியது. நிறமோ வாசனையோ மாறவேண்டும் என்பதில்லை, ஆகையால் ருசி பார்த்துச் சோதிக்காதீர்கள். கொதிநீரின் 100 டிகிரி அந்த வித்துகளுக்குப் போதாது. 121 டிகிரியில் சுமார் 3 நிமிடம் வேண்டும், அதுவும் பொருளின் நடுப்பகுதி வரை.

இப்போது இருப்பதை எறிந்துவிடுங்கள். இனி, சாதாரணமாகப் போட்டால் ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் முடியுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் புளிப்பைக் கூட்டி, அதை அளக்கும் pH எண்ணை 4.6க்குக் கீழே கொண்டுவர வேண்டும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). பூண்டை 6 மி.மீ.க்கு மிகாமல் நறுக்கி, அதன் எடையைப் போல 3 மடங்கு, 3 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில் (970 கிராம் தண்ணீருக்கு 30 கிராம்) 24 மணி நேரம் ஊறவையுங்கள். துண்டுகள் மேலே மிதக்காமல் ஒரு தட்டால் அழுத்தி வையுங்கள். வடித்த பிறகுதான் எண்ணெய். எண்ணெயில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்துவிடுவது இதற்கு மாற்றாகாது, சாறு அடியில் தங்கும், பூண்டுக்குள் இறங்காது.