எட்டு மணி வகுப்பு

அன்புள்ள சார்,

உயர்நிலைப் பள்ளியில் பதினோரு வருடமாக வேதியியல் எடுக்கிறேன். ஆறு வருடமாக ஒரு சிறிய நாடகக் குழுவிலும் இருக்கிறேன். பள்ளியில் இதை நான் மறைத்ததில்லை. பேச்சு வந்ததில்லை, அவ்வளவுதான். போன மாதம் ஒரு நாடகத்தில் குடிகாரக் கிழவியாக நடித்தேன். என் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பெற்றோருடன் வந்து உட்கார்ந்திருந்திருக்கிறான். இருபது நொடி வீடியோ, திங்கட்கிழமை காலைக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. இப்போது நான் போர்டு பக்கம் திரும்பினால் கடைசி பெஞ்சிலிருந்து கிழவியின் வசனம் வருகிறது.

தலைமையாசிரியர் திட்டவில்லை. "உங்க சொந்த விஷயம்தான் மேடம், இருந்தாலும் நாம டீச்சர்ஸ் இல்லையா" என்றார். சக ஆசிரியை ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார்: "நடிக்கிறதாலதான் இவங்க கிளாஸ் இவ்வளவு நல்லா இருக்கு." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் தலைமையாசிரியரின் பேச்சைவிட அதுதான் என்னை உறுத்துகிறது, ஏன் என்று தெரியவில்லை. அடுத்த நாடகத்துக்கு இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஒரு ஆசிரியருக்கு வகுப்புக்கு வெளியே எவ்வளவு வாழ்க்கை இருக்கலாம்? வெளியிட்டால் பெயர் வேண்டாம்.

அன்புள்ள வாசகிக்கு,

"அன்புள்ள டீச்சர்" என்று தொடங்கி மூன்று வரி எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நடிப்பவர் என்றும்தான் எழுதியிருந்தீர்கள். என் கை தானாக டீச்சரை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே உங்கள் தலைமையாசிரியரைக் குறை சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை.

அவர் சொன்ன அந்த "இருந்தாலும்" மிகப் பழைய சொல். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பல உள்ளாட்சி நிர்வாகங்கள், ஆசிரியைக்குக் கல்யாணம் ஆனதும் வேலையைவிட்டு அனுப்பிவிடும். 1944 கல்விச் சட்டம் வந்துதான் அந்தத் தடை ஒழிந்தது. அமெரிக்காவில் மார்வின் பிக்கரிங் என்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், பள்ளி வாரியம் பணத்தைச் செலவிடும் விதத்தைக் குறை சொல்லி உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டார். வேலை போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1968இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. ஆசிரியராக இருப்பதாலேயே பொது விஷயத்தில் குடிமகனாகப் பேசும் உரிமை போய்விடாது என்று சொல்ல அத்தனை பெரிய நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் உங்கள் கிழவி மலிவாகத் தப்பித்துவிட்டாள்.

தலைமையாசிரியரை விடுங்கள். உங்களை உறுத்தியது சக ஆசிரியையின் பரிவு. உறுத்தியது சரிதான் என்பேன். தலைமையாசிரியர் நாடகத்தைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினார். இவர் அதை உள்ளே கூட்டிவந்து வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டார். நடிப்பு வகுப்புக்கு உதவுகிறது, அதனால் நடிக்கலாம் என்றால், உதவாத நாளில் என்ன செய்வது? உங்களுக்கென்று இருந்த ஒரே மாலைப் பொழுதும் பணியிடைப் பயிற்சிக் கணக்கில் போய்விடுகிறது.

பள்ளி எடுத்துக்கொள்வது ஏற்கெனவே கொஞ்சமா? 2018இல் எடுத்த டாலிஸ் என்ற பன்னாட்டு ஆய்வில், ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். அதில் பாடம் நடத்துவது 18 மணி நேரம்தான். மீதியெல்லாம் விடைத்தாள், பதிவேடு, கூட்டம், விளையாட்டுக் குழு, பெற்றோர் தொலைபேசி. ஆசிரியரின் "வகுப்புக்கு வெளியே" என்பதன் பெரும்பகுதியும் பள்ளிதான். அதையும் தாண்டி மிஞ்சுகிற துண்டைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் துண்டில் ஒருவர் என்னவெல்லாம் செய்யலாம் என்று நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஹெர்மன் கிராஸ்மன்தான் நினைவுக்கு வருவார். ஸ்டெட்டின் நகரத்தில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) பள்ளி ஆசிரியர். அப்பாவும் அதே ஊரில் ஆசிரியர். ஹெர்மனுக்குப் பதினொரு பிள்ளைகள். 1844இல் ஒரு கணித நூல் வெளியிட்டார். இன்று கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் படிக்கும் பிள்ளைகள் புழங்கும் கருத்துகளில் பல அதில் அப்போதே இருந்தன. ஆனால் வாங்க ஆளில்லை. பல்கலைக்கழக வேலை கேட்டுப் பார்த்தார். அமைச்சகம் கும்மர் என்ற பெரிய கணித மேதையிடம் கருத்துக் கேட்டது. சரக்கு நல்லது, சொன்ன விதம் சரியில்லை என்கிற மாதிரி அவர் எழுதிக் கொடுக்க, விஷயம் அத்தோடு முடிந்தது. 1864இல் பதிப்பாளர், விற்காமல் கிடந்த சுமார் 600 பிரதிகளைக் கழிவுக் காகிதமாகத் தள்ளிவிட்டார்.

மனிதர் அதற்கு முன்பே சமஸ்கிருதத்தின் பக்கம் திரும்பியிருந்தார். சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் ஹகர ஒலி சேர்ந்த மெய்கள் அடுத்தடுத்த அசைகளில் வந்தால் முதல் மெய் அந்த ஹகரத்தை இழந்துவிடுகிறது என்று 1863இல் காட்டினார். மொழியியலில் அதற்கு இன்றும் அவர் பெயர்தான். 1873 முதல் 1875க்குள் ரிக்வேதத்துக்கு ஓர் அகராதி போட்டார். வேத ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். இடையில் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்தார், தாவரப் பெயர்களைப் பற்றி எழுதினார். மறுநாள் காலை வழக்கம்போல் பள்ளி. ரிக்வேதத்தால் ஸ்டெட்டின் பையன்களுக்கு ஒரு மதிப்பெண்ணாவது கூடியிருக்குமா என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எனக்கு அவரைப் பிடிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இதையெல்லாம் எழுதிவிட்டு இன்னொரு ஆளை மறைத்தால் அது நேர்மையாகாது. கார்ல் வையர்ஸ்ட்ராஸ். பெரிய கணித மேதையாக அறியப்படுவதற்கு முன் பதினான்கு வருடம் சின்ன ஊர்ப் பள்ளிகளில் வேலை பார்த்தவர். கணிதம் மட்டுமில்லை, தாவரவியல், கையெழுத்துப் பயிற்சி, உடற்பயிற்சிகூட எடுத்தார். இரவில் தன் கணிதம். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒருநாள் காலை எட்டு மணி வகுப்பில் ஒரே கூச்சல். தலைமையாசிரியர் போய்ப் பார்த்தால் ஆசிரியரைக் காணோம். அறைக்குப் போனால், திரை இழுத்துவிட்டபடி, விளக்கு எரிய, மனிதர் எழுதிக்கொண்டிருக்கிறார். பொழுது விடிந்தது அவருக்குத் தெரியவில்லை. 1854இல் வெளியான ஒரே கட்டுரையால் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது, இரண்டு வருடத்தில் பெர்லினுக்குப் போய்விட்டார். ஆனால் 1850 வாக்கில் தொடங்கிய தலைசுற்றல் அவரை விடவில்லை. அந்தக் கதையைச் சொல்பவர்கள் மேதையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்த எட்டு மணி வகுப்பின் மீதும் ஒரு கண் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குத் தர வேண்டியது தரப்படவில்லை. கடன் என்றால் அதுதான் கடன். நீங்கள் கிழவியாக நடித்தது யாருக்கும் கடனில்லை.

வீடியோ எடுத்த பையனுக்கு வருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஆங்கில ஆசிரியை மிகக் கண்டிப்பானவர். பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்தால் அடுத்த பக்கத்திலும் தடம் தெரியும். ஒரு சனிக்கிழமை நீச்சல் குளத்தில் அவரைப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னால் நீட்டப் பார்க்கிறார். கரையில் நின்ற பயிற்சியாளனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "முட்டியை மடக்காதீங்க, எத்தனை தடவை சொல்றது!" என்று கத்துகிறான். இவர் மூச்சு வாங்க, "சரி சார்" என்கிறார். அந்த "சரி சார்" இன்னும் என் காதில் இருக்கிறது. வேறு யார் சொல்லியும் அந்தச் சொல்லை நான் அப்படிக் கேட்டதில்லை.

என்னைப் பார்த்துவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். திங்கட்கிழமை நோட்டுப் புத்தகம் திரும்பி வந்தபோது சிவப்புச் சுழிகள் வழக்கமான எண்ணிக்கையில்தான் இருந்தன. அவர் மென்மையாகிவிடவும் இல்லை, நான் ஆங்கிலத்தில் தேறிவிடவும் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல பையன் என்பதால் இல்லை, சொன்னால் அது என் கையைவிட்டுப் போய்விடும் என்று தோன்றியது. அன்று என்னிடம் கேமரா இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

பதினைந்து வயதில் பிள்ளைகள் பெரியவர்களை வேவு பார்க்கிறார்கள். தாங்களும் சீக்கிரம் அந்தப் பக்கம் போகவேண்டியிருக்கிறது, அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமே! ஆகவே அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்காமல் படமெடுத்ததும் பரப்பியதும் தவறு என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் நடிக்கிறீர்கள் என்று அவனுக்கு விளக்க வேண்டாம். தலைமையாசிரியருக்கும் வேண்டாம். கடைசி பெஞ்சிலிருந்து கிழவி குரல் கொடுத்தால், வசனத்தில் பிழை இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் திருத்திவிட்டுச் சமன்பாட்டுக்குத் திரும்புங்கள். இரண்டு வாரத்தில் அவர்களுக்கு வேறு ஏதாவது கிடைத்துவிடும்.

அடுத்த நாடகத்துக்கு இன்றே சரி என்று சொல்லிவிடுங்கள். ஒத்திகை அட்டவணை கையில் வந்ததும், முதல் பீரியட் உங்களுக்கு எந்தெந்த நாள் என்று மட்டும் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை என்ன வேடம் என்று எழுதவே இல்லையே?