கணக்கில் காட்டினால் போதுமா?

கேள்வி: என் மகள் பி.இ. மெக்கானிக்கல் முடித்தவள். ஜெர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர இடம் கிடைத்துவிட்டது. விசாவுக்குப் பன்னிரண்டு லட்சம் காட்ட வேண்டுமாம். எங்களுக்கு நான்கு ஏக்கர் தோட்டமும் ஊருக்குள் ஒரு வீடும்தான் சொத்து. "பணத்தை நாங்களே போட்டுவிடுகிறோம், விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம், கமிஷன் மட்டும் கொடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
- ஒரு தாய், ராசிபுரம்

பதில்: வேண்டாம் அம்மா. வங்கியில் கல்விக் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், இந்தக் கணக்கே உதைக்கிறது.

ஜெர்மனி கேட்பது உங்கள் பாஸ்புக்கில் நிற்கும் தொகையை அல்ல. மகள் பெயரிலேயே 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று ஒன்று திறந்து, அதில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ கட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட பன்னிரண்டு லட்சம் வந்துவிடும். அங்கே போய் இறங்கி, ஒரு சாதாரண வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் பூட்டு திறக்கும். அதுவும் மொத்தமாக இல்லை, மாதம் 992 யூரோ. அப்படியிருக்க, ஏஜென்ட் எப்படிப் பணத்தை எடுப்பார்? மாதாமாதம் மகளிடம் அந்த 992-ஐ வட்டியோடு வாங்க வேண்டும். அப்புறம் அவள் வாடகை எதில் கொடுப்பாள்? அல்லது பணமே போடாமல் போலிச் சான்று கொடுக்க வேண்டும். அது தெரியவந்தால் விசா போகும், அங்கே போன பிறகு தெரியவந்தாலும் தங்கும் அனுமதி போகும். கையெழுத்து உங்கள் மகளுடையது, ஏஜென்டுடையது இல்லை.

உங்கள் சொந்தப் பணமாக இருந்தால் பயமே வேண்டாம். அது கட்டணம் அல்ல, அவள் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம். விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், சேவைக் கட்டணம் மட்டும் கழியும்.

சரி, பணத்துக்கு வழி? தோட்டத்தை நம்பி வங்கிக்குப் போகாதீர்கள். கடன் வசூலுக்கான சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது. அதனால் நான்கு ஏக்கர் என்ன, நாற்பது ஏக்கர் என்றாலும் மேலாளர் தலையைச் சொறிவார். வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். மூலப்பத்திரம், பட்டா, சொத்துவரி ரசீது, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாம் ஒரே பெயரில், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்திரத்தில் 'முத்துசாமி', பட்டாவில் 'முத்துச்சாமி கவுண்டர்' என்று கிடந்தால் வங்கி வக்கீல் அங்கேயே நிறுத்திவிடுவார், ஒரு மாதம் ஓடிவிடும். பிளாக்டு அக்கவுண்டுக்கான தொகையையும் சேர்த்துத்தான் கடன் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கல்லூரிக் கட்டணம் மட்டுந்தான் கடனில் வரும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ஜெர்மன் அரசுப் பல்கலைகள் பலவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது, பெரிய செலவு இந்த வாழ்க்கைச் செலவுதான்.

ஏஜென்டுகள் சொல்லாத இன்னொன்று: விசாவோடு வேலை முடிவதில்லை. வீடு குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். விசா காலாவதியாகும் முன் அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிப்பு இரண்டு வருடம், நீங்கள் காட்டுவது ஒரு வருடத்துக்கு. புதுப்பிக்கும்போது அடுத்த வருடச் செலவுக்கு வழி இருக்கிறதா என்று மறுபடியும் கேட்பார்கள். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம், அது ஓரளவு கைகொடுக்கும். ஆனால் முதல் செமஸ்டரில் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கடனையே இரண்டு வருடத்துக்கும் கேளுங்கள்.

கேள்வி: ஜெர்மன் மாணவர் விசா மறுக்கப்பட்டுவிட்டது. ஒரு கடிதம் எழுதினால் இலவசமாக மறுபரிசீலனை செய்வார்கள் என்கிறான் நண்பன். உண்மையா?
- ஒரு மாணவர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பழைய கதை. 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது இரண்டுதான்: புதிதாக விண்ணப்பிப்பது, அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. வழக்கு உங்களுக்கு வேண்டாம், வக்கீல் செலவுக்கு இன்னொரு கடன் வாங்க வேண்டியிருக்கும்.

மறுப்புக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். விசா விண்ணப்பத்தோடு வைத்ததாக நீங்கள் எனக்கு அனுப்பிய உறையில் இருந்த 'ஏன் இந்தப் படிப்பு' கடிதம் நீங்கள் எழுதியதாகத் தெரியவில்லை தம்பி. படித்தது சிவில், கடிதத்தில் சிறுவயது முதல் ரோபோ மேல் காதல் என்று இருக்கிறது. உங்கள் கடைசி வருட ப்ராஜெக்ட் என்ன, அந்தப் பல்கலையின் எந்தப் பாடம் அதோடு ஒட்டுகிறது, முடித்துவிட்டு என்ன வேலைக்குப் போவீர்கள் என்பதை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், இலக்கணம் கொஞ்சம் தட்டினாலும் பரவாயில்லை. புது விண்ணப்பத்துக்கு மறுபடி 75 யூரோ கட்டணம் உண்டு. உங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் ஏ.பி.எஸ். சான்றிதழை 18,000 ரூபாய் கட்டி வாங்கியிருப்பீர்களே, அதற்குக் காலக்கெடு கிடையாது, அதையே வைக்கலாம்.