உலகமயமாக்கல் ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? பண்பாட்டையும் அரசியலையும் அது எப்படி மாற்றுகிறது?

பதினான்கு ஆண்டுகளாகத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு பையர்களிடம் (வாங்குவோரிடம்) ஆர்டரும் விலையும் பேசுபவனாக, இருப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த இந்த ஒரே ஊரை வைத்துப் பதில் சொல்கிறேன்.

வருமானம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர், 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து ஆர்டர்கள் வரத் தொடங்கிய பிறகு, படிப்படியாக டாலர் சிட்டி என்று பெயர் வாங்கியது. மானாவாரி நிலத்தை விட்டுவிட்டு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தவர்களில் பலர், பங்காளிகளும் மாமன் மச்சான்களுமாகப் பணம் போட்டுத் தாங்களே முதலாளிகளானார்கள். இன்று ஒரு டெய்லர் அப்படி மேலே வருவது அரிது. 2005 ஜனவரி 1 அன்று ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஜவுளி அனுப்பலாம் என்று வரம்பு வைத்திருந்த கோட்டா முறை நீங்கியதும், பெரிய ஆர்டர்கள் பெரிய ஆலைகளை நோக்கிப் போயின. ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்பும் வங்கதேசத்தோடு விலையில் நேருக்கு நேர் மோதவும் வேண்டியதாயிற்று.

ஏற்றத்தாழ்வு பிறக்கும் இடத்தை நான் கண்ணால் பார்த்தது காஸ்டிங் ஷீட் என்னும் விலைக் கணக்குத் தாளில்தான். ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று வரிசையாக விலை எழுதுவோம். பையர் ஒரு பீசுக்குப் பத்து சென்ட் குறைக்கச் சொன்னால், நூலில் கை வைக்க முடியாது, அது மாதம் பிறந்ததும் மில்காரர்கள் அறிவிக்கும் விலை. சாயக் கூலிக்குள் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு உட்கார்ந்திருக்கும், அதையும் குறைக்க முடியாது. ஆகவே என் பேனா தையல் கூலியில்தான் போய் நிற்கும். அதையும் நாங்கள் நேரடியாகக் குறைப்பதில்லை. பீஸ் ரேட்டுக்கு, அதாவது ஒரு துணிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, ஆள் வைத்துத் தைத்துத் தரும் காண்ட்ராக்டரிடம் ரேட்டை இறக்கிப் பேசுவோம், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஒரு ஷிப்ட் சம்பளம் போதாமல், தினமும் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், உழைப்பது இங்கே வழக்கமாகிப்போனதற்கு என் பேனாவும் ஒரு காரணம்.

அந்த ஷீட்டில் இடமே பெறாத செலவும் உண்டு. பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்காடிய பிறகு, கழிவுநீரை ஆற்றில் விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுத்திகரிப்புச் செலவு சாயக் கூலிக்குள் வந்து உட்கார்ந்த கதை இதுதான்.

பண்பாடு என்றால் பலரும் பீட்சாவையும் ஜீன்ஸையும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது நாட்காட்டி. ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் விற்பனைக்கான சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய தேதியை ஒட்டித்தான் எங்கள் வீட்டுக் காதுகுத்துக்குக்கூட நாள் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்தைச் சுற்றி நடந்தால் இந்தியும் ஒடியாவும் தமிழுக்குச் சமமாகக் காதில் விழுகின்றன.

அரசியலில் இதன் விளைவு சற்று விசித்திரமானது. வடமாநிலத் தொழிலாளர்களில் பெரும்பாலோர்க்கு வாக்கு இங்கே இல்லை. ஆகவே அவர்களுக்காகப் பேச வேண்டிய கட்டாயம் இங்குள்ள எந்தக் கட்சிக்கும் இல்லை. 2023 மார்ச்சில், அவர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது மட்டும், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்தது, மாவட்ட நிர்வாகம் இந்தியில் பேசியது. ஆட்கள் கூட்டமாக ரயில் ஏறிவிட்டால் ஷிப்மென்ட் நின்றுவிடும் என்ற பயம் எங்கள் அலுவலகத்திலும் இருந்தது.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமானபோது, ஏற்றுமதியாளர்களின் குரல் டெல்லி வரை கேட்டது. கேட்கத்தான் வேண்டும், அவர்களுடைய நஷ்டம் உண்மையானது. அதே வாரங்களில் எங்கள் யூனிட்டில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட்டாகச் சுருங்கியது. ஓவர்லாக் டெய்லரான பீகார் இளைஞர் ஒருவர், தீபாவளிக்கு முன்பே கணக்கை முடித்துக்கொண்டு, பீகாரின் பெரிய பண்டிகையான சத் பூஜையையும் நவம்பரில் நடந்த சட்டமன்றத் தேர்தலையும் ஊரிலேயே பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். இன்னும் திரும்பவில்லை.