எல்ட்ரிஜ் கப்பல் மாயமானதா?

கேள்வி: 1943 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படை ஃபிலடெல்ஃபியாவில் நின்ற எல்ட்ரிஜ் என்ற போர்க்கப்பலை மாயமாக்கி, நொடியில் தொலைவில் இருக்கும் நார்ஃபோக் துறைமுகத்தில் தோன்றவைத்ததாம். சூத்திரம் ஐன்ஸ்டீனுடையதாம். மாலுமிகள் சிலர் இரும்புத் தகட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டார்களாம். இன்னும் ஏன் இதை மூடி மறைக்கிறார்கள்?

பதில்: எதை மறைத்தார்கள்? அந்தக் கப்பலின் 1943-ம் வருடப் பதிவேடு மைக்ரோஃபிலிமில் இருக்கிறது, கேட்பவர்கள் பார்க்கலாம். அதன்படி அக்டோபர் நடுப்பகுதி வரை பெர்முடா பக்கம் பயிற்சி, பிறகு நியூயார்க், நவம்பரில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக மொராக்கோவின் காசாபிளாங்கா. ஃபிலடெல்ஃபியா அதில் வரவே இல்லை. 1951-ல் அதே கப்பலை கிரேக்க நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்; அப்படிப்பட்ட ரகசியம் ஏறிய கப்பலை யாராவது கைமாற்றி விடுவார்களா, யோசித்துப் பாருங்கள்.

கதை கிளம்பியது போர் முடிந்து பத்து வருடம் கழித்து. பறக்கும் தட்டுகள் பற்றிப் புத்தகம் எழுதிய மோரிஸ் ஜெசப்புக்கு, கார்ல் ஆலன் என்பவர் வேறொரு பெயரில் கடிதம் போட்டு, ஆண்ட்ரூ ஃபுருசெத் என்ற வணிகக் கப்பலிலிருந்து இதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான் சாட்சி. ஐன்ஸ்டீன் கடற்படைக்கு ஆலோசகராக இருந்தது உண்மை, ஆனால் அது வெடிபொருட்கள் சம்பந்தமான வேலை. இந்தக் கதையில் சொல்லப்படும் ஒருங்கிணைந்த புலக் கோட்பாட்டை, அதாவது ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒன்றாக விளக்கும் கோட்பாட்டை, அவர் சாகும்வரை முடிக்கவே இல்லை.

சரி, கப்பலை 'மறைக்கிற' வேலை எதுவுமே நடக்கவில்லையா என்றால், நடந்தது, அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 1939-ல் ஜெர்மனி பிரிட்டன் கரையோரம் காந்தக் கண்ணிவெடிகளைப் போட்டது. கடலடியில் சும்மா கிடக்கும், இரும்புக் கப்பல் மேலே போகும்போது பூமியின் காந்தப்புலத்தில் உண்டாகும் சின்ன மாற்றத்தை உணர்ந்து வெடிக்கும். அந்த நவம்பரில் ஒன்று இங்கிலாந்தின் ஷூபரினஸ் கரையோரச் சேற்றில் விழ, ஜான் ஓவ்ரி என்ற கடற்படை அதிகாரியும் அவரோடு போனவர்களும், எந்தத் திருகைத் தொட்டால் உயிர் போகும் என்று தெரியாமலே அதைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த சங்கதி புரிந்தபிறகு, கப்பலைச் சுற்றி மின்கம்பிச் சுருள்களைக் கட்டி, எதிர்ப்பக்கமாக மின்சாரம் செலுத்தி, கப்பலின் காந்தத்தன்மையை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கினார்கள். டீகாஸிங் என்று அதற்குப் பெயர். கண்ணிவெடிக்குத்தான் கப்பல் தெரியாது, கரையில் நிற்கிற உங்களுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்கக் கப்பல்களுக்கும் இதைச் செய்தார்கள். இந்த வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டதில்தான் மாயக் கப்பல் கதை முளைத்திருக்கலாம் என்று கடற்படைத் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஜெசப் 1959-ல் ஃபுளோரிடாவில் தற்கொலை செய்துகொண்டார். மனம் நொந்து போன ஒரு மனிதரின் சாவை 'பார், தீர்த்துக்கட்டிவிட்டார்கள்' என்று ஆதாரமாகக் காட்டி இன்றுவரை வீடியோ போடுகிறார்கள். அந்தக் கப்பலிலேயே வேலை பார்த்தவர்கள் 1999-ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடியபோது, எங்கள் கப்பல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனதே கிடையாது என்று சொன்னார்கள். அதை அந்த வீடியோக்களில் சொல்கிறார்களா? இல்லையென்றால், உங்களுக்கு அப்படி ஒரு வீடியோவை அனுப்புகிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.