ஸ்கேனில் மூளைச் சுருக்கம்: குடியை நிறுத்தினால் சரியாகுமா?

ஓரளவுக்குச் சரியாகும். முழுதாக என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் "அண்ணன் இரண்டு மாதமாகக் குடிக்கவில்லை, ரிப்போர்ட்டில் சுருக்கம் என்றே இருக்கிறது, இனி நிறுத்தி என்ன பயன்" என்ற முடிவு தப்பு.

ரிப்போர்ட்டின் தேதியை முதலில் பாருங்கள். மருத்துவமனையில் சேர்த்த வாரத்தில் எடுத்ததாக இருந்தால் அது பழைய நிலவரம். குடியை விட்ட முதல் சில வாரங்களிலேயே மூளையின் கன அளவு மீளத் தொடங்கும், பிறகு மாதக்கணக்கில் மெதுவாக ஏறும். வயது கூடக் கூட வேகம் குறையும்.

அப்புறம், ஒரு கால் குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். தள்ளாடினால், உடல் சமநிலையைக் கவனிக்கும் சிறுமூளையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். டாக்டரிடம் அதைத் தனியாகக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் குடியின் தலையில் கட்டவும் முடியாது. 2012-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கோகைன் போன்ற ஊக்கப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களையும் அந்தப் பழக்கமே இல்லாத அவர்களுடைய உடன்பிறப்புகளையும் ஸ்கேன் செய்தார்கள். 50 ஜோடிகள். மற்றவர்களோடு ஒப்பிட்டால், சுயகட்டுப்பாடு சார்ந்த பகுதிகளில் இருவருக்குமே ஒரே மாதிரி வித்தியாசம்! அது மது ஆய்வல்ல, சரி. ஆனாலும் சில வித்தியாசங்கள் பழக்கத்துக்கு முன்பே குடும்பவழியாக இருந்திருக்கலாம், அண்ணனைத் திட்டுமுன் யோசியுங்கள்.

திடீர்க் குழப்பம், பார்வை இரட்டையாகத் தெரிவது, தள்ளாட்டம் வந்தால் காத்திருக்க வேண்டாம். பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம், உடனே ஊசி தேவைப்படும். மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டால், வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வலிப்பு வரும் ஆபத்து உண்டு.